முதற் குதிரை

நீலகிரியில் ஐரோப்பியர் குடியேற்றத்துக்கு வழி வகுத்தவர் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் துரை. அவர் மலையேறியது 1819-ஆம் ஆண்டு. இருப்புப்பாதை 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகமண்டலத்தையும் எட்டிற்று. அதுகாறும் மலைவழி சென்றோர்க்குக் குதிரை பெருந்துணையாய் இருந்தது. 1886-இல் உதகையில் குதிரைப்பந்தயமும் தொடங்கிற்று.

இவ்வரலாற்றைக் கேட்கும் நம் சமூகத்து இளைஞர்க்குக் குதிரையேற்றத்தில் ஆசை பிறத்தல் இயல்பே. ஆயின் முதற் குதிரையாக இளங்குட்டியைக் கொள்ளுதல் தகாது. செஞ்சித் தேசிங்குராஜன் இளமையிலேயே அடங்காப் பரியை அடக்கினான் என்று நாட்டுக்கதை கூறும். 1714-இல் போர்க்களத்தில் மாண்ட அவ்வீரன், போர்த்தொழிற் குடியிற் பிறந்தவன் என்பதை மறத்தலாகாது.

குதிரையின் முதுகெலும்பு முற்றுவதற்கு ஐந்தாண்டுக்கு மேலும் ஆகும். பந்தயக் குதிரைகளை இரண்டு வயதிலேயே ஓட்டுவது உண்மையே. அது பொருளாசையின் விரைவேயன்றிக் குட்டியின் நலங்கருதியதன்று. மேலும், குட்டி புதரசைந்தாலும் மிரளும். ஏறியவனும் புதியவனாயின் அவனச்சம் கடிவாளத்தின் வழியே அதற்கும் செல்லும். மலைச்சரிவில் இருவர்க்கும் கேடு விளையும். பழகிய முதுகுதிரையோ காலூன்றுமிடம் அறிந்து, ஏறியவனின் பிழையையும் பொறுத்து நடக்கும்.

ஆதலின், பெற்றோர்களே! விலை குறைவென்று குட்டியை வாங்கித் தராதீர். முதற் குதிரை நம் பிள்ளைகட்கு ஆசானாதல் வேண்டும். குட்டிக்கு அவர்கள் ஆசானாவது பின்னரே ஆகுக.