மார்கழியின் இரு பொழுதுகள்

சென்னை மாநகரின் மார்கழிக்கு இரண்டு பொழுதுகள் உண்டு. ஒன்று வைகறை; மற்றொன்று மாலை. வைகறையில் கோலமும் பாவைப் பாட்டும் பஜனையுமாகத் தெருக்கள் விழித்துக்கொள்கின்றன. மாலையில் சபாக்களின் வாயில்களில் விளக்கெரிய, அரங்குகள் நிறைகின்றன. இரண்டும் ஒரே மாதத்தில் நிகழ்வதால் இவை ஒரே மரபின் இரு கிளைகள் என்று கருதுவோர் பலர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. வைகறை விழாவுக்கு நாள் குறித்தது பஞ்சாங்கம். மாலை விழாவுக்கு நாள் குறித்தது நீதிமன்றங்களின் விடுமுறை.

வைகறையின் வேர் மிக ஆழமானது. வையையைப் பாடும் நல்லந்துவனாரின் பரிபாடல் (11) மழை ஓய்ந்த பனிக்காலத்தில், திருவாதிரை நாளில் தொடங்கும் நோன்பு ஒன்றைக் காட்டுகிறது. நிலம் குளிர வேண்டுமென்று கன்னியர் நீராடுகின்றனர். முறைமை அறிந்த முதிய மகளிர் வழிகாட்டுகின்றனர். தாயர் அருகே நிற்கின்றனர். வாடைக் காற்றில் நடுங்கும் பெண்கள் கரையில் அந்தணர் வளர்த்த வேள்வித் தீயின் பக்கலில் ஈர ஆடையை உலர்த்திக்கொள்கின்றனர். சமயச் சடங்காக மட்டும் இதனைப் படிப்பது போதாது. மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே ஆற்றங்கரையில் கூடியிருக்கும் குடும்பக் காட்சி இது. தமிழ்நாட்டின் குளிர்கால விழாவுக்குக் கிடைக்கும் மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்று எனவும் கொள்ளலாம்.

ஆண்டாளின் முப்பது பாடல்களும், திருவெம்பாவையின் இருபது பாடல்களும் இந்நோன்பைப் பக்திக்குள் கொண்டுவந்தன. இரண்டிலும் நிகழ்ச்சி ஒன்றே: எழுந்த பெண்கள் எழாத பெண்களை வீடு வீடாகச் சென்று எழுப்புகின்றனர். தனியாகப் போவதில்லை, ஒருத்தி விடுபட்டாலும் கூட்டம் நின்று அழைக்கிறது. இப்பாடல்களின் பயணம் தமிழகத்தோடு நிற்கவுமில்லை. சயாம் நாட்டு அரசவையில் அந்தணர்கள் நடத்திய ஊசல் விழாவின் பெயரிலேயே திருவெம்பாவை உருத்திரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பாங்காக்கின் மாபெரும் ஊஞ்சலில் நடைபெற்ற அவ்விழா 1935இல் நின்றது. ஊஞ்சலின் செந்நிறத் தூண்கள் மட்டும் நிற்கின்றன.

இங்கு ஒரு முரணைச் சுட்டாமல் விட இயலவில்லை. பாவைப் பாட்டுகளின் குரல் பெண்களின் குரல். ஆனால் பிற்காலத்தில் ஊர்களிலும் நகரங்களிலும் அப்பாடல்களைத் தெருவில் பாடிச் சென்ற கோஷ்டிகளில் பெரும்பாலும் ஆண்களும் சிறுவர்களுமே இருந்தனர். பெண்கள் வாசலில் நின்றனர். சாணம் தெளித்த தரையில் புள்ளி வைத்துக் கோலமிட்டு, சாண உருண்டையில் பூசணிப் பூவைச் செருகி வைத்தனர். கோஷ்டி கோலத்தை மிதியாமல் விலகிப் போயிற்று. கோயில் வாசலில் சிறுவர்களுக்கு வெண்பொங்கல் கிடைத்தது. குளிரையும் பொருட்படுத்தாமல் பிள்ளைகள் எழுந்ததற்குப் பாட்டு எவ்வளவு காரணம், பொங்கல் எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம். மங்கல நிகழ்ச்சிகள் விலக்கப்பட்ட மாதம் ஆதலின் மார்கழியைப் 'பீடை மாதம்' என்பர். 'பீடுடை மாதம்' என்பதே அவ்வாறு திரிந்தது என்றொரு விளக்கமும் உண்டு. சொல்லாராய்ச்சியில் அது நிற்குமோ, நிற்காதோ. திருமணங்கள் இல்லாத அம்மாதத்தைத் தெருக்கள் பாட்டினால் நிறைத்துக்கொண்டன என்பது மெய்.

மாலைப் பொழுதின் கதை வேறு. ஆங்கிலேயர் ஆட்சியில் நீதிமன்றங்களும் அரசு அலுவலகங்களும் கல்லூரிகளும் கிறிஸ்துமஸை ஒட்டி மூடப்பட்டன. புத்தாண்டு வரை நீண்ட அந்நாட்களில் வழக்கறிஞர்க்கும் ஆசிரியர்க்கும் எழுத்தர்க்கும் ஒருசேர ஓய்வு கிடைத்தது. பிள்ளைகளுக்கும் பள்ளி இல்லை. குடும்பம் முழுவதும் ஒன்றாக வெளியே செல்லக்கூடிய நாட்கள் நகரத்துக்கு அவையே. அந்த ஓய்வை நிரப்பவே சென்னையில் டிசம்பர் கேளிக்கைகள் தோன்றின.

அவற்றுள் புகழ்பெற்றது பீப்பிள்ஸ் பார்க் கண்காட்சி. 1859-60இல் குறுகிய காலமே ஆளுநராக இருந்த சர் சார்லஸ் டிரெவெலியன் வித்திட்ட பூங்கா அது. குளங்களும் நடைபாதைகளும் மிருகக் காட்சிசாலையும் அங்கிருந்தன. அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக் காட்சிசாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும் சென்னை மக்கள் வழங்கினர்; அதைவிடச் செறிவான பெயரை எந்தப் புலவரும் சூட்டியிருக்க முடியாது. ஆண்டிறுதியில் அப்பூங்காவில் நடந்த கண்காட்சிக்கு ஊரே திரண்டது. 1886ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று அங்கே தீப்பற்றியது. அடைப்புகளுக்குள் சிக்கிய மக்கள் வெளியேற வழியின்றித் தீயிலும் நெரிசலிலும் நூற்றுக்கணக்கில் மாண்டனர். சென்னையின் பெருந்துயரங்களுள் ஒன்றாகிய இந்நிகழ்ச்சி இந்நாளில் ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது. பூங்கா இருந்த நிலத்தில் மூர் மார்க்கெட் எழுந்து, அதுவும் 1985இல் எரிந்தது; ரிப்பன் கட்டடமும் நேரு விளையாட்டரங்கமும் புறநகர் இரயில் நிலையமும் எஞ்சிய இடத்தைப் பங்கிட்டுக்கொண்டன. விடுமுறையில் பிள்ளைகளோடு கண்காட்சிக்குச் செல்லும் வழக்கம் மட்டும் அழியவில்லை. தீவுத்திடலின் சுற்றுலாப் பொருட்காட்சியில் இராட்டினமும் டெல்லி அப்பளமும் அதனைக் காத்து வந்துள்ளன.

அதே விடுமுறையைத்தான் காங்கிரஸ் மகாசபையும் பயன்படுத்திக்கொண்டது. 1885 முதல் பல்லாண்டுகள் அதன் கூட்டங்கள் டிசம்பர் இறுதியில் நடைபெற்றன. உறுப்பினருள் வழக்கறிஞர் மிகுதி. நீதிமன்றம் மூடியிருந்தால்தான் அவர்களால் வர முடியும். 1927இல் டாக்டர் அன்சாரியின் தலைமையில் மகாசபை சென்னையில் கூடியபோது, அதனையொட்டி அனைத்திந்திய இசை மாநாடு ஒன்றும் நடத்தப்பட்டது. அம்மாநாட்டின் தீர்மானத்தின்படி 1928 ஆகஸ்டில் மியூசிக் அகாதெமி தொடங்கி வைக்கப்பட்டது. முதல் தலைவர் யு. ராமராவ் ஒரு மருத்துவர். செயலாளருள் ஒருவராகிய இ. கிருஷ்ண ஐயர் வழக்கறிஞர். பின்னர் நெடுங்காலம் தலைமை ஏற்ற கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயரும் வழக்கறிஞரே. அகாதெமியின் ஆண்டு மாநாடும் இசைவிழாவும் கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டி நிலைபெற்றதில் வியப்பில்லை. அடுத்தடுத்துத் தோன்றிய சபாக்களும் அதே வாரங்களைத் தேர்ந்தன. 'டிசம்பர் சீசன்' பிறந்தது இவ்வாறே. தற்செயலாக அது மார்கழியாகவும் இருந்தது. அந்தப் புனிதம் பின்னர் வந்து சேர்ந்த அணிகலன்.

இதனால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது அறமன்று. அரசவைகளும் ஜமீன்களும் கலைஞரைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. சீட்டு வாங்கிக் கேட்கும் நடுத்தரக் குடும்பங்கள் புரவலர் ஆயின. 1930களின் தொடக்கத்தில் சதிர் ஆட்டத்துக்கு எதிராகக் கடும் கண்டனம் எழுந்தபோது அகாதெமி தன் மேடையை அதற்குத் தந்தது. இசை பற்றிய அறிஞர் விவாதங்கள் காலை வேளைகளில் நடந்தன. சபாக்களின் பகல் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணம் இல்லை. இளங்கலைஞர் பாட, பாட்டிமார் பேரப்பிள்ளைகளோடு வந்தமர்ந்து கேட்டனர். சிற்றுண்டிச்சாலையையும் சீசனின் ஓர் அங்கம் என்றே சொல்ல வேண்டும். அடை அவியலுக்காகச் சபாவைத் தேர்ந்தெடுத்த இரசிகரைப் பழித்துப் பயனில்லை.

ஆயினும் மாலை அரங்கில் இரண்டு குறைகள் தொடக்கம் முதலே இருந்தன. ஒன்று இடம் பற்றியது. தெருவில் நடந்த பாட்டுக்கு வாயில் இல்லை. அரங்குக்கு வாயில் இருந்தது. சீட்டின் விலை மட்டுமன்று, அங்கு வந்தமர்வதற்கான துணிவும் எல்லாக் குடும்பங்களுக்கும் வாய்க்கவில்லை. விழாவைத் தொடங்கி வைக்க மங்கல இசை முழக்கிய நாகசுரக் கலைஞர்க்கே மாலையின் முதன்மை நேரம் அரிதாகத்தான் கிடைத்தது. மற்றொரு குறை மொழி பற்றியது. கச்சேரியின் நெஞ்சுப்பகுதி தெலுங்குக்கும் வடமொழிக்கும் உரியதாக இருந்தது; தமிழ்ப் பாட்டுகள் இறுதியில் 'துக்கடா' என்ற பெயரில் வந்தன. பிள்ளைகளுக்கு உறக்கம் வந்துவிட்ட பிறகு, பெரியோர் கடைசிப் பேருந்தை எண்ணத் தொடங்கிய பிறகு தமிழ் வந்தது. கவிதை எழுதுவோர்க்கு இதனினும் கூரிய அவமதிப்பு வேண்டியதில்லை. பொருள் விளங்கும் மொழியில் பாட்டுக் கேட்கும் உரிமை குடும்பத்தின் கடைக்குட்டிக்கும் உண்டு என்பதே தமிழிசை இயக்கத்தின் எளிய அடிப்படை.

தஞ்சையில் 1912 முதல் இசை மாநாடுகளை நடத்திய ஆபிரகாம் பண்டிதர், 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டு நிலத்தைப் பண்படுத்தியிருந்தார். 1941 ஆகஸ்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாடு, கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்குத் தலைமை இடம் வேண்டுமெனத் தீர்மானித்தது. அகாதெமியின் வழியாக அதற்கு எதிர்ப்பு வந்தது. மொழியை முன்னிறுத்தினால் இசையின் தரம் தாழும் என்பது எதிர்த்தோரின் வாதம். இராஜாஜியும் கல்கியும் டி. கே. சி.யும் ஆர். கே. சண்முகம் செட்டியாரும் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பக்கம் நின்றனர். அரசியலில் ஒத்துப்போகாத பலர் இதில் ஒத்துப்போனது குறிப்பிடத்தக்கது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. டிசம்பர் மாலைகளில் முற்றிலும் தமிழ் ஒலித்த ஓர் அரங்கு கிடைத்தது. 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள் நடந்தன. கோயிலுக்குள் தேவாரம் ஓதிவந்த ஓதுவாமூர்த்திகள் அறிஞர் அவையில் அமர்ந்து பண்களைப் பாடிக் காட்டினர். 1952இல் ராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது. இயக்கம் மொழிக் குறையைப் பெரிதும் தீர்த்தது. இடக் குறையை அது தொடவில்லை; அதற்கும் ஓர் அரங்கே வேண்டியிருந்தது.

அரங்கையும் தெருவையும் ஒரே வாழ்வில் இணைத்தவர் பாபநாசம் சிவன். 1890இல் போலகத்தில் பிறந்து, பின்னர் சென்னையில் குடியேறிய அவர், திரைப்படங்களுக்குப் பாட்டெழுதிப் பெரும்புகழ் பெற்ற நாட்களிலும் மார்கழி வைகறையில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை செய்தார். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி அவர் தமிழில் பாடிச் செல்ல, பின்னால் பெரியவரும் சிறுவரும் திரும்பப் பாடினர். சீட்டு இல்லை, இருக்கை இல்லை. நடக்கத் தெரிந்தால் போதும். பாட்டின் ஓரடியை ஒருவர் சொல்லக் கூட்டம் வாங்கிக்கொள்ளும் முறையில், எழுத்தறியாத குழந்தையும் ஒரு மாதத்தில் பல பாடல்களுக்கு உரிமை பெற்றுவிடும். அரங்கத்தில் வாய்மூடிக் கேட்பதும் கலைப்பயிற்சிதான். ஆனால் பாடலைச் சொந்தமாக்கிக்கொள்ளும் பயிற்சி வேறு. அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் தந்தது 1971இல். அப்போது அவருக்கு எண்பத்தொரு வயது. 1973இல் அவர் மறைந்த பின்னும் அவர் வழியினர் வீதி பஜனையை விட்டுவிடவில்லை.

இடக் குறையைத் தீர்க்கும் முயற்சி அடுத்த நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. 2007இல் தமிழ் மையமும் அரசின் சுற்றுலா, பண்பாட்டுத் துறையும் இணைந்து 'சென்னை சங்கமம்' நடத்தின. பறையும் கரகமும் ஒயிலாட்டமும் தெருக்கூத்தும் நகரின் பூங்காக்களிலும் கடற்கரையிலும் நிகழ்ந்தன. மாலையில் காற்று வாங்க வந்த குடும்பங்கள் கூத்தைச் சுற்றி வட்டமாய் நின்றன. தந்தையின் தோளில் அமர்ந்து பார்த்த பிள்ளைகள் ஏராளம். அடுத்த ஆண்டுகளில் அது பொங்கலை ஒட்டி நடந்தது. விழா அரசியலின் நிழலில் வளர்ந்தது. 2011இல் ஆட்சி மாறியபின் நின்றும் போயிற்று. ஒரு விழா ஆட்சியோடு பிறந்து ஆட்சியோடு மறைவது அதன் பெரும் பலவீனம். இழப்பு நகரத்தாருக்கு ஒரு பொழுதுபோக்கு, கலைஞனுக்கோ வருவாய். வடதமிழ்நாட்டில் கூத்துக்குரிய காலம் பெரும்பாலும் பங்குனி முதல் ஆடி வரை; தை மாதத்தில் அழைப்புகள் குறைவு. நகரம் அழைத்த அந்த ஒரு வாரத்தின் ஊதியம் அவனுக்குச் சிறிதன்று. 2023 சனவரியில் அரசே 'சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா' என்னும் பெயரில் மீண்டும் தொடங்கியது.

இதற்கிடையே 2015இல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் சமூகச் செயற்பாட்டாளர்களும் மீனவ மக்களோடு சேர்ந்து ஒரு கலைவிழா எடுத்தனர். சபா மேடைகளின் கருநாடக இசையும் பரதமும், பறையாட்டமும் அங்கே ஒரே இடத்தில் நிகழ்ந்தன. கேட்க வந்தவருள் இதற்குமுன் ஒரு கச்சேரியும் கேளாத குப்பத்துப் பெண்களும் உண்டு. அருகிலேயே குடியிருந்தும் அதற்குமுன் அக்குப்பத்துக்குள் காலெடுத்து வைக்காத சபா இரசிகரும் உண்டு. இசை எளியோரிடம் சென்றது என்று சிலர் இதனைப் பாராட்டினர். சென்றவர் யார், வரவேற்றவர் யார் என்பதை அவர்கள் சரியாகக் காணவில்லை. விருந்தினராக வந்தவர் பாடகரும் இரசிகரும். வீட்டார் குப்பத்து மக்கள்.

2020இல் பெருந்தொற்று அரங்குகளை மூடியது. சபாக்களின் கச்சேரிகள் கணினித் திரைகளுக்குள் போயின. அவ்வாண்டு மாலைப் பொழுது வீட்டுக்குள் ஒடுங்கியது. பாட்டும் பேச்சும் சிற்றுண்டியும் ஒரே கூடத்தில் அடங்கின. வைகறையில் வாசல்தோறும் கோலம் வழக்கம்போல் விழுந்தது.