எலி ஹவுஸில் வாழ்ந்த தேவாங்கு

கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரம் நோக்கிச் செல்வோர் 'எலி ஹவுஸ்' என்னும் பெயரைக் கேட்டிருப்பர். எலிக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை. ஸ்கொத்லாந்தின் கரையோர ஊரொன்றின் பெயர் அது. குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த பிலிப் அன்ஸ்ட்ரூதர் தாம் கட்டிய மாளிகைக்கு அப்பெயரை இட்டார். 1845ஆம் ஆண்டில் அவருக்குப் பின் அப்பதவியை ஏற்ற சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட்டும் அம்மாளிகையிலேயே வாழ்ந்தார். இலங்கையின் உயிரினங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1861இல் வெளிவந்தது.

சிலாபத்திலிருந்து அவருக்கு ஒரு தேவாங்கை அனுப்பினர். சோறும் பழமும் காய்கறியும் தின்று, சில காலம் அது கொழும்பிலே அவர் குடும்பத்தோடு வாழ்ந்தது. பாலென்றால் அதற்குப் பேராவல்; எறும்பையும் விட்டுவைக்காது. பகல் முழுவதும் கொம்பை இரு கைகளாலும் இறுகப் பற்றி, முதுகை வளைத்து உரோமப் பந்தாகி, தலையைக் கால்களுக்கிடையே புதைத்து உறங்கும். மெலிந்த மனிதரைத் 'தேவாங்கு' என்று எள்ளும் தமிழர் வழக்கத்தையும், நெற்றியிலே நாமம் போன்ற குறியுள்ளதை 'நாமத் தேவாங்கு' என அழைப்பதையும் அவர் குறித்து வைத்தார். நாம் சோம்பலென்று நகைக்கும் அதன் மெதுநடையே, பறவை அஞ்சிப் பறக்குமுன் அதனைப் பற்றுவதற்கு உதவுகின்றது என்பதையும் கண்டறிந்தார். வசிய மருந்துக்காக அதன் பெரிய கண்களைத் தீயிலே வாட்டி எடுப்பர் என்ற கொடுஞ்செய்தியும் அதே பகுதியில் வருகின்றது. கொம்பிலே துயிலும் அச்சிற்றுயிரைத் தம் வீட்டிற் கண்டவருக்கு அச்செய்தி எத்தகையதாயிருந்திருக்கும்!

காகம் அழையாமலே குடிவந்த காட்டுயிர். சங்கிலியிற் கட்டுண்ட காவல் நாயொன்று எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன்முன் ஒரு காகம் தலையைச் சாய்த்து ஆடிப் பார்த்தது, நாய் அசையவில்லை. காகம் பறந்து சென்று ஒரு துணையை அழைத்து வந்தது. முன்னையது மீண்டும் ஆட, பின்னையது விரைந்து இறங்கி நாயின் முதுகெலும்பிலே கொத்திற்று. நாய் திரும்பிய கணத்தில் எலும்பு பறிபோயிற்று. கொழும்பிலே இவ்வாறு இருமுறை நிகழ்ந்ததைத் தாம் அறிந்ததாக டெனன்ட் எழுதுகின்றார். காகம் இனத்தை அழைத்து உண்ணும் என்று புகழ்வது தமிழர் மரபு. அழைத்துத் திருடவும் அதற்குத் தெரியும் போலும்.

வீதிகள் அமைத்துப் பெயர் பெற்ற மேஜர் ஸ்கின்னர் அவருக்கு எழுதிய செய்தியோ இவற்றினும் வியப்பானது. நீர்கொழும்புக்கு அருகே, வீட்டிலே பெரும்பணம் வைத்திருந்த செல்வரொருவர் நாய்களுக்குப் பதிலாக நல்ல பாம்புகளை வளர்த்தாராம். அவை வீடெங்கும் ஊர்ந்து திரிந்தன. வீட்டாரைத் தீண்டவில்லை, கள்வரோ அணுக அஞ்சினர். இது ஸ்கின்னர் நேரிற் கண்டதன்று, நம்பத்தக்கவர் வாயிலாகக் கேட்டதே. ஆயினும் அயலாரை நம்பாதவர் நஞ்சுடைய பாம்பை நம்பியது எண்ணத்தக்கது. நாளும் உடன்வாழும் பாம்பின் போக்கை அவர் அறிந்திருந்தார். அயலாரின் மனத்தை அவ்வாறு அறிய அவர் முயன்றாரா?

இக்கேள்வி டெனன்ட்டையும் விடாது. காகத்தின் உபாயத்தைப் பொறுமையோடு ஆராய்ந்த அவர் செயலாளராயிருந்த ஆட்சி, 1848இல் நாய்க்கும் துப்பாக்கிக்கும் வரி விதித்தது. காட்டோரக் கிராமத்தானுக்கு நாய் வெறும் செல்லப் பிராணியன்று. சேனைப்பயிரைப் பன்றியிடமிருந்து காக்கும் துணை. அதைக் கச்சேரிக் கணக்கு கருதிற்றில்லை. கொழும்பிலே மக்கள் திரண்டனர். மாத்தளையிலும் குருநாகலிலும் கலகம் மூண்டது. இராணுவச் சட்டம் பிறந்தது. புரன் அப்பு கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டான். இலண்டன் பாராளுமன்றம் விசாரணை நடத்த, 1850இல் டெனன்ட்டும் இலங்கையை விட்டு நீங்கினார்.

எலி ஹவுஸ் இருந்த இடத்திலே பின்னர் நகருக்கு நீர் வழங்கும் தேக்கம் அமைந்தது. காகங்களோ கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இன்றும் சமையலறை யன்னலருகே தலையைச் சாய்த்துக் காத்திருக்கின்றன.