ஒன்றரை சென் ஓவியங்கள்

தபால்காரரும் வீட்டுப் பணிப்பெண்ணும் பார்த்த பிறகே உரியவர் கைக்குப் போய்ச் சேரும் ஓவியம் அது. உறை கிடையாது. வரைந்தவர் பல சமயம் ஓவியரும் அல்ல. கையால் வண்ணம் தீட்டி நண்பருக்குப் போடும் அந்த ஜப்பானிய அஞ்சலட்டை அரிதாகிவிட்டது. எனக்கு அது பெரிய இழப்பு.

ஜப்பான் அரசு 1873 டிசம்பரில் முதல் அஞ்சலட்டையை வெளியிட்டது. தாள் மெல்லியது என்பதால் இரண்டாக மடித்திருந்தார்கள். 1899இல் கட்டணம் ஒன்றரை சென், அன்றைய சில்லறைக் காசு. 1900இல் தனியார் அட்டைகளுக்கும் அனுமதி கிடைத்தது. ரஷ்யாவுடன் ஜப்பான் போரிட்டபோது அச்சுப் பட அட்டைகளுக்கு மக்கள் முண்டியடித்தார்கள். நான் இரங்குவது அவற்றுக்காக அல்ல.

1903இல் லண்டனிலிருந்து திரும்பிய எழுத்தாளர் நட்சுமே சோசெகி, டோக்கியோவில் ஆங்கில இலக்கியம் கற்பித்துக்கொண்டே, மனம் நொந்திருந்த நாட்களில் நீர்வண்ணத்தைக் கையிலெடுத்தார். குமமோட்டோவில் தம்மிடம் படித்த ஹாஷிகுச்சி மிட்சுகுவுக்கு அட்டைகளில் வரைந்து அனுப்பினார். மிட்சுகுவும் வரைந்தே பதில் போட்டார். சோசெகிக்குத் தேர்ந்த கை இல்லை. அது அவரைத் தடுக்கவும் இல்லை. உலகத்துக்கு என்றால் கூசியிருப்பார். ஒரே ஒருவருக்கு என்பதால் கை தயங்கவில்லை என்றே நினைக்கிறேன்.

முகவரிப் பக்கத்தில் சேதி எழுத அன்று விதி இடம்தரவில்லை. படமும் சொல்லும் ஒரே பக்கத்தில் ஒண்டிக்கொள்ள வேண்டும். எங்கே எழுதப்போகிறோம் என்று யோசித்துத்தான் தூரிகையையே வைக்க வேண்டியிருந்தது.

மிட்சுகுவின் தம்பி கோயோ அப்போது டோக்கியோ நுண்கலைப் பள்ளி மாணவர். சோசெகியுடன் அவருக்கு இருந்தது அண்ணன் வழியாக வந்த பழக்கம். 1905 அக்டோபரில் சோசெகியின் 'நான் ஒரு பூனை' நூலாக வந்தபோது, அதை வடிவமைத்தவர் கோயோ. பிறகும் சோசெகியின் பல நூல்களுக்கு அவரே அழகு செய்தார். மரச்செதுக்கு அச்சோவியங்களில் பெயர் பெற்று, 1921இல் நாற்பது வயதில் இறந்தார்.

1907இல் முகவரிப் பக்கத்தின் மூன்றில் ஒரு பங்கில் சேதி எழுதலாம் என்றார்கள். 1918இல் அது பாதியானது. வசதிதான். ஆனால் சொல் மறுபக்கம் போனதும் படம் தனித்துப்போனது. தனித்த படத்தை அச்சகமே கொடுத்துவிடும். நண்பன் எதற்கு வரைய வேண்டும்? பின்னால் பரவிய தொலைபேசி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. 2024 அக்டோபர் முதல் ஜப்பானில் அஞ்சலட்டை 85 யென். அனுப்ப இன்றும் யாரும் தடை சொல்லவில்லை.

அந்தப் பழைய அட்டைகளைக் கண்ணாடிப் பேழையில் வைத்தால் படம்தான் மேலே தெரியும். யாருக்கு வரைந்தது என்று சொல்லும் பக்கம் அடியில் போய்விடும். எனக்கு இரண்டு பக்கமும் வேண்டும்.