லெனின் உடலைக் காக்கச் சொன்னது யார்?

புரட்சியும் ஒருவகை மதமே என்று வாதிடுவோர் லெனினின் உடலைத் தவறாமல் சான்று காட்டுவார்கள். கூடவே ஒரு கதையும் வரும். 1923 இலையுதிர்காலத்தில், லெனின் உயிரோடு இருந்தபோதே, கட்சித் தலைவர்களின் கூட்டமொன்றில் அவர் உடலைப் பதப்படுத்தி வைக்கும் பேச்சை ஸ்டாலின் எடுத்தார், ட்ராட்ஸ்கி எதிர்த்தார் என்பது அந்தக் கதை. ஸ்டாலின் திஃப்லிஸ் குருமடத்தில் படித்தவர் என்பதால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்தக் கச்சிதம்தான் என்னைச் சந்தேகப்பட வைத்தது.

அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டே போனால் வலன்டீனவ் என்ற முன்னாள் புரட்சியாளரின் நினைவுக்குறிப்பில் போய் நிற்கிறோம். 1971இல் அமெரிக்காவில் அச்சான நூல் அது. அவர் அந்தக் கூட்டத்தில் இருந்தவர் அல்ல, கேள்விப்பட்டதை எழுதியவர். ஒரு செவிவழிச் சாட்சியின்மேல் இத்தனை பெரிய தீர்ப்பை ஏற்றுவது நியாயமில்லை.

ஆகவே அந்த நாட்களிலேயே எழுதப்பட்டவற்றைத் தேடினேன். லெனின் 1924 ஜனவரி 21 அன்று இறந்தார். மறுநாள் பிரேதப் பரிசோதனை செய்த அப்ரிகோசவ், இறுதிச் சடங்குவரை தாங்கினால் போதும் என்ற அளவில்தான் உடலைப் பதப்படுத்தினார். நிலையாக வைத்திருக்கும் எண்ணம் அதில் தெரியவில்லை. ஜனவரி 30 பிராவ்தா நாளிதழில் லெனினின் மனைவி க்ரூப்ஸ்கயாவின் வேண்டுகோள் வெளியானது: அவர் பெயரில் நினைவுச் சின்னங்கள் வேண்டாம்; குழந்தைகள் காப்பகமும் பள்ளியும் நூலகமும் கட்டுங்கள். அவர் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

பிப்ரவரி 7 இஸ்வெஸ்தியா நாளிதழில் லியோனித் க்ராசினின் கட்டுரை கிடைக்கிறது. லெனினின் நினைவிடம் மனிதகுலத்துக்கு மெக்காவையும் ஜெருசலேமையும் விஞ்சும் இடமாகும் என்கிறார். இவர் குருமடத்து ஆள் அல்ல. பாகுவில் மின்நிலையம் கட்டிய பொறியாளர். உடலை உறையவைத்துக் காக்கலாம் என்று இயந்திரத் திட்டம் கொடுத்தவரும் இவரே.

இன்னும் பின்னே போனால் 1921. வேதியியலாளர் கார்ப்பவின் இறுதிச் சடங்கில், அறிவியல் ஒருநாள் மாமனிதர்களை உயிர்ப்பிக்கும் என்று க்ராசின் பேசினாராம். இதைச் சொல்பவர் பழைய போல்ஷெவிக்கான ஓல்மின்ஸ்கி. அவர் எழுதியதோ பத்தாண்டு கழித்து, அந்தப் பேச்சைப் பழிக்கும் தொனியில். க்ராசின் 1926இலேயே இறந்துவிட்டதால் அவர் மறுக்கவும் வழியில்லை. இந்தச் சாட்சியத்துக்கு அரை எடைதான் தருவேன். 1924 கட்டுரைக்கு முழு எடை.

க்ராசின் பழகிய வட்டமும் கவனிக்கத்தக்கது. 1909 வாக்கில் அவர், லெனினோடு முரண்பட்ட போல்ஷெவிக்கான போக்தானவோடு நின்றார். அதே அணியில் இருந்த லூனாச்சார்ஸ்கி, சோஷலிசம் ஒரு புதிய மதமாக வேண்டும், மனிதகுலமே தன் கூட்டு ஆற்றலால் தெய்வநிலை எய்தும் என்று நூல் எழுதினார். எழுத்தாளர் கார்க்கியும் அப்போது அந்தப் பக்கம் இருந்தார். லெனின் இதைக் கடுமையாகச் சாடினார். அப்படிச் சாடியவரின் உடலே வழிபாட்டுப் பொருளானது எனக்குப் பெருந்துயரமாகப் படுகிறது.

ஆர்த்தடாக்ஸ் மரபின் பங்கை நான் மறுக்கவில்லை. புனிதர்களின் உடல் அழியாது என்பது மக்களிடம் வேரோடிய நம்பிக்கை. அதைப் பொய்யாக்கத்தான் 1919 ஏப்ரலில் புனிதர் செர்கியஸின் பேழையைத் திறந்து, உள்ளிருந்த எலும்புகளைப் படமும் எடுத்தது சோவியத் அரசு. ஆனால் ஐந்தாண்டு கழித்து அழியாத உடலை உண்டாக்க முனைந்தபோது பாதிரிகளின் வழியை அது நாடவில்லை, ஆய்வகத்தை நாடியது. ஸ்டாலின் பின்னால் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். தொடக்கத்தை அவரிடம் தேடுவது, அறிவியலை வரம்பின்றி நம்பிய புரட்சியாளர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிடுவதாகும்.

உள்ளே இருந்தவர்களுக்கே இது உறுத்தியது. ரகசியக் காவல்துறைத் தலைவர் ஜெர்ஷின்ஸ்கி தலைமையில் இறுதிச் சடங்குக்கென அமைத்த குழுவில், இது புனிதராக்கும் வேலை அல்லவா, நாம் மார்க்சியவாதிகள்தானா என்ற பொருளில் ராணுவத் தளபதி வோரஷீலவ் கேட்டது பதிவாகியிருக்கிறது. அந்தக் கேள்வி எடுபடவில்லை. அந்தக் குழுவே, லெனினின் நினைவை நிரந்தரமாக்கும் குழுவானது. உறையவைக்கும் திட்டத்தைக் கைவிட்டு, உடற்கூறியலாளர் வரபியோவும் வேதியியலாளர் ஸ்பார்ஸ்கியும் இரசாயனங்களால் உடலைப் பதப்படுத்தினார்கள். 1924 ஆகஸ்ட் 1 அன்று பொதுமக்களுக்குக் கல்லறை திறக்கப்பட்டது.