இலை கடைசிச் சாட்சி: தார்ப் பாலைத் தாவரங்களை இனங்காணும் வரிசை குறித்து

கள ஆய்வுக்குப் புதிதாக வரும் மாணவருக்கு நாம் முதலில் இலையைப் பார்க்கத்தான் கற்றுத் தருகிறோம். தனியிலையா கூட்டிலையா, மாற்றடுக்கா எதிரடுக்கா, விளிம்பு எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் பூவுக்கும் காய்க்கும் போகிறோம். ஆண்டு முழுவதும் இலை தாங்கும் மழைநிலங்களில் இந்த வரிசையில் குறையில்லை. ஆண்டு மழை பல இடங்களில் 200 மி.மீ.யைக்கூட எட்டாத மேற்கு ராஜஸ்தானின் தார்ப் பாலையில் இதே வரிசை மாணவரைத் தவறான பெயருக்கு இட்டுச் செல்கிறது. அங்கு இனங்காணல் காயிலும் முள்ளின் இருப்பிடத்திலும் தொடங்க வேண்டும், பூ அடுத்து வர வேண்டும், இலையைக் கடைசியில்தான் கேட்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிளாட்டரும் ஹால்பெர்க்கும் 1918 முதல் 1921 வரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதிய இந்தியப் பாலைத் தாவரத் தொகுதியும், எம்.எம்.பண்டாரி 1978இல் வெளியிட்ட நூலும் இத்துறைக்கு அடித்தளம். இத்தகைய நூல்களைக் கையில் வைத்திருப்பவருக்குப் பூவும் காயும் குறித்த விவரம் போதிய அளவு கிடைக்கும். குறை நூல்களில் இல்லை. களத்தில் எதை முதலில் பார்ப்பது என்ற நம் பழக்கத்தில் இருக்கிறது.

மூன்று புதர்களை எடுத்துக்கொள்வோம். கேர் (கப்பாரிஸ் டெசிடுவா), போக் (காலிகோனம் பாலிகோனாய்டஸ்), கீம்ப் (லெப்டடீனியா பைரோடெக்னிகா). ஜெய்சல்மேர், பார்மேர் பக்கத்து மணல்வெளியில் மே மாதத்தில் இவை மூன்றையும் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால், இலையே இல்லாத மெல்லிய குச்சிகளின் அடர்ந்த கற்றைகள்தான் தெரியும். ஒளிச்சேர்க்கையைத் தண்டே பார்த்துக்கொள்கிறது. கேரின் இளந்தளிரில் குறுகிய சிற்றிலைகள் தோன்றினாலும் விரைவில் உதிர்ந்துவிடும். மற்ற இரண்டிலும் இலை என்று காட்டக்கூடியது பெயரளவுக்கே. இலையிலிருந்து தொடங்கும் திறவுகோலில் மூன்றும் ஒரே கிளையில் போய் நிற்கும். ஆனால் இவை நெருங்கிய உறவினவும் அல்ல: ஒன்று கப்பாரேசி, இன்னொன்று பாலிகோனேசி, மூன்றாவது எருக்கின் குடும்பமான அபோசைனேசி.

காய் இருந்தால் ஐயத்துக்கு இடமே இல்லை. கேரின் காய் நீண்ட காம்பில் தொங்கும் உருண்டை. பச்சையில் ஊறுகாய்க்குப் பறிப்பார்கள், பழுத்தால் சிவக்கும். கூர்ந்து பார்த்தால் அந்தக் காம்பில் ஒரு பகுதி பூக்காம்பே அல்ல; பூவுக்குள் சூலகத்தைத் தாங்கி நின்ற சூலகக் காம்பு காய் முற்றிய பிறகும் அப்படியே நிற்கிறது. கப்பாரேசிக் குடும்பத்தின் முத்திரை அது. போக்கின் காய் சிறிய கொட்டை. அதன் விளிம்புகளிலிருந்து கிளைத்துக் கிளைத்துப் புறப்படும் மயிர்கள் அதை முழுவதும் போர்த்தியிருக்கும், காற்று அதை மணல்மேல் உருட்டிக்கொண்டு போகும். கீம்ப்பின் காய் மெலிந்து நீண்டு நுனி கூர்ந்தது; ஒரு பக்கம் வெடித்தால் எருக்கங்காயில் போலவே பட்டுமயிர்க் குஞ்சம் கொண்ட விதைகள் பறக்கும். காயும் பூவும் இல்லாத மாதத்தில் கணுவைப் பார்க்கலாம். கேரின் கணுவில் முட்கள் இணையாக இருக்கும். போக்கின் கணுவைச் சுற்றி மெல்லிய சவ்வுறை ஒன்று இருக்கும், தொட்டால் தண்டு மூட்டு மூட்டாக நெருடும். இந்த இரண்டும் இல்லாத வழவழப்பான தண்டு என்றால் கீம்ப்.

இலை ஒன்றுபோலத் தோன்றக் காய் வேறுபடுவது தற்செயலானதல்ல. நீர்ப் பற்றாக்குறை எல்லாக் குடும்பங்களையும் ஒரே திசையில் நெருக்குகிறது. இலையைச் சுருக்கு, மயிரால் மூடு, முடிந்தால் உதிர்த்துவிடு என்ற அந்த நெருக்கடிக்கு உறவற்ற செடிகளும் ஒரே விடையைத் தந்திருக்கின்றன. காயின் அமைப்போ சூலகத்திலிருந்து வருவது. அதில் குடும்பத்தின் பழைய வரலாறு அவ்வளவு எளிதில் அழிவதில்லை. இலை சூழலைப் பற்றிப் பேசுகிறது, காய் வம்சத்தைப் பற்றிப் பேசுகிறது. இனங்காண்பவருக்கு வேண்டியது இரண்டாவது செய்திதான்.

உறவுள்ள மரங்களிலும் இலை ஏமாற்றுகிறது. இதற்குச் சிறந்த சான்று கேஜ்ரியும் சீமைக்கருவேலமும். கேஜ்ரி நம் வன்னி மரமேதான். ராஜஸ்தானின் மாநில மரம். இரண்டும் இருமுறை பிரிந்த கூட்டிலை கொண்டவை, சிற்றிலைகளின் எண்ணிக்கையும் ஒன்றோடொன்று கலந்து வரும். போதாததற்கு, தீவனத்துக்காக உழவர்கள் குளிர்காலத்தில் கேஜ்ரியின் கிளைகளைக் கழித்துவிடுகிறார்கள். அதன்பின் துளிர்க்கும் தளிரின் இலை முதிர்ந்த கிளையின் இலையைப் போல இருக்க வேண்டியதில்லை. பூவும் இரண்டிலும் வெளிர்மஞ்சள் கதிர். ஆனால் நெற்று வேறு. கேஜ்ரியின் நெற்று, அதாவது சந்தையில் காய்ந்து விற்கும் சாங்கரி, மெலிந்து உருண்டு நீண்டது. சீமைக்கருவேலத்தின் நெற்று தடித்தது, சற்றே தட்டையானது, வைக்கோல் நிறம், உள்ளே இனிப்பான சதை.

நெற்றும் இல்லை என்றால் முள்ளைப் பார்க்க வேண்டும். சீமைக்கருவேலத்தின் முள் கணுவில், இலைக்கோணத்தில் நிற்கும். கேஜ்ரியின் முள் கூம்பு வடிவில் கணுவிடைகளில் அங்கங்கே சிதறிக் கிடக்கும். இந்தச் சிறு வேறுபாட்டின் எடையைத் தாவரவியல் பெரிதும் உணர்ந்திருக்கிறது. 1976இல் வெளியான புர்க்கார்ட்டின் ஆய்வு, இவ்விரு மரங்களும் அப்போது சேர்ந்திருந்த புரோசாபிஸ் பேரினத்துக்குள் பிரிவுகளை வகுக்க முள்ளின் அமைப்பைப் பயன்படுத்தியது. மரபணுச் சான்றுகளை முன்வைத்து 2022இல் அப்பேரினத்தையே பிரித்தபோது, வன்னி புரோசாபிஸ் என்ற பெயரிலேயே தங்கியது, சீமைக்கருவேலம் நெல்டுமா என்ற வேறு பேரினத்துக்குப் போனது. கள ஆய்வாளர் விரலால் தடவி அறிந்த வேறுபாட்டை மரபணுவும் உறுதிசெய்தது என்றே இதைக் கொள்கிறேன்.

வேல மரங்களிலும் இதே கதை, சுருக்கமாகச் சொன்னால் போதும். கருவேலத்தின் காய் மணிமாலை போல இடையிடையே இறுகியது. இஸ்ரேலி பபூல் என்று அங்கே அழைக்கப்படும் டார்டிலிஸின் காய் சுருள். குமட்டின் காய் தட்டையான தாள் போன்றது. குமட்டுக்குக் கணுவில் மூன்று கொக்கி முட்கள் வேறு உண்டு. புற்களில் காயின் மேன்மை இன்னும் தெளிவு. தாமன் புல்லையும் (சென்க்ரஸ் சிலியாரிஸ்) பூரட்டையும் (சென்க்ரஸ் பைஃபுளோரஸ்) இலையைக் கொண்டு பிரிக்க முயல்வது வீண்வேலை. கதிரைத் தொட்டால் ஒன்றின் மயிர் மென்மையாக இருக்கும், மற்றதன் முள் துணியில் தைத்துக்கொண்டு வரும்.

அப்படியானால் பூவையே தலைமைச் சாட்சியாக வைத்தால் என்ன என்று கேட்கலாம். எருக்கில் அது சரி. தாரில் பரவியுள்ள புரோசெரா இனத்தின் அல்லி மடல்கள் நிமிர்ந்து நுனியில் ஊதா படிந்திருக்கும். ஜைகாண்டியா இனத்தில் விரிந்து மடங்கும். ரோஹிடா மரத்திலோ பூவின் நிறத்தை நம்பியவர் ஓரினத்தை மூன்றாக எழுதிவிடுவார், ஏனெனில் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் வெவ்வேறு மரங்கள் பூக்கின்றன. பூவில் அமைப்பு நம்பத்தக்கது, நிறம் அல்ல. பூ சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. உலர்ந்த நெற்றும் வெடித்த ஓடும் மரத்தடியில் நெடுநாள் கிடக்கின்றன.

இலைக்கும் ஒரு வழக்கு உண்டு, அதை மறுப்பது நேர்மையாகாது. ஜாள் என்று அங்கே வழங்கும் உகாயின் இரண்டு இனங்களில் பெர்சிகாவின் இலை அகன்று சதைப்பற்றுடன் இருக்கும், ஓலியாய்டஸின் இலை குறுகி நீண்டிருக்கும். இங்கும் முடிவாகச் சொல்வது கனிதான்: முன்னது செம்மையாகவோ ஊதாவாகவோ பழுக்கும், பின்னது மஞ்சளாக. நம் மரபிலும் இதற்கு ஓர் ஆதரவு இருக்கிறது. குறுந்தொகையின் 274ஆம் பாட்டு பாலைவழியின் உகாயைச் சொல்லும்போது அடிமரத்துக்குப் புறாவின் முதுகையும் கனிக்கு இறாலின் முட்டையையும் உவமையாக்குகிறது. இலைக்கு உவமை தேடவில்லை. அந்த நிலத்தில் கண் எங்கே நிலைக்கும் என்பதை அறிந்த புலவர் அவர்.

நடைமுறையில் இதன் விளைவு என்ன? காயில்லாத கிளையை ஒட்டிய உலர்தாவரத் தாளை முழுமையற்றது என்று குறித்தே சேர்க்க வேண்டும். மரத்தடியில் பொறுக்கிய காயை உறையிலிட்டு அதே தாளில் இணைக்க வேண்டும். ஒரே கோடை வருகையில் தயாரித்த தாவரப் பட்டியலைக் கொண்டு ஓர் ஓரணின், அதாவது கோயில் காட்டின், வளத்தை மதிப்பிடுவதை ஏற்க முடியாது. விறகுக்கும் கரிக்கும் வேரோடு தோண்டப்பட்டுக் குறைந்துவரும் போக், தொலைவில் பசுமையாக நிற்கும் கீம்ப்பின் கணக்கில் சேர்ந்துவிட்டால் அதன் இழப்பு எந்த அட்டவணையிலும் தெரியாது. ஆகவே போக்கின் கணக்கெடுப்பைப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, அது பூத்துக் காய்க்கும் நாட்களிலேயே நடத்த வேண்டும்.