கடற்பாலத்திற்கு அப்பால் ஒருநாட் செலவு

மேலை நாடுகளிலும் ஜப்பானிலும் இலை பழுத்து உதிரும் காலம் வந்துவிட்டால், நகர மாந்தர் காலையில் வண்டியேறி அருகிலுள்ள சிற்றூர்களைக் கண்டு மாலையில் வீடு திரும்புவது வழக்கம். சிங்கப்பூருக்கு அத்தகைய பருவம் இல்லை. தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளிலும் இலையுதிர் காலம் என்றொரு பெயர் காணப்படவில்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன மழையையும் குளிரையும் பனியையும் வெயிலையும் கொண்டு பெயர் பெற்றவையேயன்றி மரத்தின் இலையைக் கொண்டு பெயர் பெற்றவையல்ல.

எனினும் சிங்கப்பூரிலிருந்து வண்டியிற் சென்று காணத்தக்க தொலைவில் இலையுதிர் காலம் ஒன்று ஆண்டுதோறும் வந்து போகிறது. மாசி, பங்குனித் திங்கள்களில் ஜொகூர்த் தோட்டங்களின் பால்மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக இலை பழுத்து, சில நாள்களில் வெறுங்கிளைகளாக நிற்கும். பின்பு தளிர் விடும். அதனைக் காணும் நகரத்தார்க்கு அது அழகிய காட்சி. தோட்டத் தமிழருக்கோ அது பால் குறையும் பருவம். மங்கில் வடியும் பால் குறைந்தால் கையில் விழும் கூலியும் குறையும். ஒரே மரம் இருவருக்கு இருவேறு பருவங்களைக் காட்டியது.

பழந்தமிழில் செலவு என்னும் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். இன்று அச்சொல் பணத்தைக் கொடுத்துத் தீர்ப்பதை மட்டுமே குறிக்கிறது. வார இறுதியில் கடற்பாலம் கடக்கும் சிங்கப்பூர்த் தமிழரின் ஒருநாட் பயணமும் பெரும்பாலும் அப்பிற்காலப் பொருளிலேயே நடைபெறுகிறது எனலாம். மலிவான பொருள், வயிறார உணவு, முடிதிருத்தம் ஆகியவற்றுடன் அது முடிந்துவிடுகிறது. ஆயின் அச்சாலையில் மேலும் இரண்டு மூன்று மணி நேரம் செல்வோர் தங்கள் சொந்த வரலாற்றின் ஊடாகவே செல்கின்றனர் என்பது பலருக்கும் நினைவில் இல்லை.

பால்மரம் ஜொகூருக்குச் சென்றதே சிங்கப்பூர் வழியாகத்தான். 1877-இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. பூமலை என்று சிங்கப்பூர்த் தமிழர் அழைக்கும் தாவரவியல் தோட்டத்தில் அவற்றுட் சில நடப்பெற்றன. 1888-இல் அத்தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். போகுமிடமெல்லாம் விதைகளைக் கொடுத்து நடச் சொன்னதால் அவருக்குப் பித்தர் என்ற பெயரும் கிடைத்தது. மோட்டார் வண்டி பெருகியவுடன் அப்பித்தரின் விதைகள் பொன்னாயின. காடழித்து மரம் நட ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் தஞ்சை, திருச்சி, சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களின் ஊர்களுக்குச் சென்று ஆள் திரட்டினர். 1938-இல் இந்திய அரசு தொழிலாளரை அவ்வாறு உதவிப் பணம் கொடுத்து அனுப்புவதைத் தடை செய்யும் வரை இது நீடித்தது.

சாலையும் அக்கதையின் ஒரு பகுதியே. சிங்கப்பூர்த் தீவின் குறுக்கே உட்லண்ட்ஸ் வரை இருப்புப்பாதை 1903-இல் வந்தது. ஜொகூரின் பாதை 1909-இல் முடிந்து வடபகுதியோடு இணைந்தது. இடையிலிருந்த நீரிணையை மக்கள் படகிலும், சரக்குப் பெட்டிகள் மிதவையிலும் கடந்தனர். புலாவ் ஊபின், புக்கித் தீமா ஆகிய இடங்களில் வெட்டிய கருங்கல்லைக் கொட்டி நிரப்பிய கடற்பாலத்தின் மீது 1923-இல் இரயில் ஓடிற்று. 1924 சூன் 28-ஆம் நாள் முறைப்படி திறப்பு விழா நடைபெற்றது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. பெயர் பாலமாயினும் அது உண்மையில் கடலின் குறுக்கே கட்டிய கல்லணையாகும். 1942 சனவரி 31-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அதன் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தது. சின்னாட்களில் சப்பானியர் அதைச் செப்பனிட்டுக்கொண்டனர்.

சிராங்கூன் சாலையிலிருந்து நடந்துபோகும் தொலைவிலுள்ள குவீன் ஸ்திரீட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்கு வாடகை வண்டிகளும் பேருந்துகளும் புறப்படுகின்றன. எல்லை என்று ஒன்று இல்லாதிருந்த காலத்தில் தேக்காவில் மாலையும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு தோட்டத்திலுள்ள அண்ணன் வீட்டு மஞ்சள் நீராட்டுக்குப் போய்வருவது அண்டை ஊருக்குப் போய்வருவது போன்றதே. 1935-இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ மலாயாத் தோட்டங்களிலும் படிக்கப்பெற்றது. 1952 முதல் அவர் முன்னின்று நடத்திய தமிழர் திருநாள் நீரிணையின் இரு கரைகளிலும் கொண்டாடப்பெற்றது. அக்காலத் தமிழர் மனத்தில் சிங்கையும் மலாயாவும் ஒரே ஊரின் இரு தெருக்கள் போல் இருந்தன என்பது மிகையன்று.

1965 ஆகத்து 9-இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. 1967 முதல் கடற்பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை வந்தது. மஞ்சள் நீராட்டுக்குப் போக முத்திரை வேண்டியதாயிற்று. இதனினும் கடுமையானது அடுத்து வந்தது. 1969-க்குப் பின் மலேசியாவில் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்வதற்கு உரிமச்சீட்டுப் பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, பல்லாயிரம் தோட்டத் தமிழர், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுடன், தமிழகத்துக்குக் கப்பலேறினர். தாளின்மையால் நேர்ந்த இப்பிரிவை வரலாற்று நூல்கள் ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுகின்றன. 2020 மார்ச்சு 18 முதல் கொள்ளை நோய் காரணமாகக் கடற்பாலம் ஏறத்தாழ முழுவதும் அடைபட்டு, 2022 ஏப்ரல் முதல் நாளன்று மீண்டும் தடையின்றித் திறக்கப்பட்டபோது, பெற்றோரை இரண்டாண்டுகள் காணாதிருந்தவர்கள் நள்ளிரவில் நடந்தே கடந்தனர். பழைய பிரிவின் கடுமையை இளைய தலைமுறை அப்போதுதான் ஓரளவு உணர்ந்தது.

ஜொகூர் பாருவில் இறங்கியவுடன் காணத்தக்கன இரண்டு கோயில்கள். இராஜமாரியம்மன் கோயில் 1911-இல் சுல்தான் இப்ராஹிம் அளித்த நிலத்தில் எழுந்தது. இருப்புப்பாதையை ஒட்டிய இராஜகாளியம்மன் கோயில் 1922-இல் சிறு குடிலாகத் தொடங்கியது. 2009-இல் சுவரும் தூணும் கூரையும் கண்ணாடிச் சில்லுகளால் மூடப்பட்டு, கண்ணாடிக் கோயில் என்னும் பெயருடன் திறக்கப்பட்டது. பின்னதைக் காணவே பேருந்துகள் நிற்கின்றன. கண் கூசும் அவ்வொளியினிடையே, தண்டவாளத்தின் ஓரத்தில் கோயில் ஏன் தோன்றியது என்று கேட்போர் சிலரே. மலாயா இருப்புப்பாதைகளில் உழைத்தோருள் தமிழர் மிகுதி. அவர்கள் குடியிருந்த இடத்தில் அவர்கள் தெய்வம் நின்றது.

கோத்தா திங்கிக்குப் பெரும்பாலோர் அருவியில் நீராடச் செல்வர். 1699-இல் சுல்தான் மகமூது கொலையுண்டது அவ்வூரில்தான். அவருடைய கல்லறை அங்குள்ளது. அக்கொலையால் அரசுரிமை வேறொரு குடும்பத்துக்குச் சென்றது. அக்குடும்பத்தின் வழிவந்த உசேனோடுதான் 1819-இல் ராஃபிள்ஸ் ஒப்பந்தம் செய்து சிங்கப்பூரில் வணிக நிலையம் அமைக்கும் உரிமையைப் பெற்றார். அருவி நீரினும் இது நினைவிற் கொள்ளத்தக்கது. குளுவாங்கில் இரயில் நிலையக் காப்பிக்கடை 1938 முதல் நடைபெறுகிறது. அங்குக் காப்பி குடிக்காமல் திரும்புவது முறையன்று என்பதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

கூலாய், ரெங்கம், லாயாங் லாயாங், சிகாமட் ஆகியவற்றைச் சூழ்ந்த தோட்டங்களே ஆசிரியரும் மாணாக்கரும் நின்று பார்க்க வேண்டியவை. விடியுமுன் பெரட்டுக்குக் கூடி, விளக்கோடு மரத்தடிக்குப் போய், வெயில் ஏறுமுன் பாலெடுத்து முடிப்பது அங்குள்ளோரின் அன்றாட வாழ்க்கையாக இருந்தது. நீண்ட கூரையொன்றின் கீழ் அறையறையாகப் பிரித்த லயங்கள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி ஆகிய மூன்றும் சேர்ந்ததே தோட்டம். பள்ளி வந்ததும் முதலாளியின் இரக்கத்தால் மட்டுமன்று. கூட்டு மலாய் நாடுகளின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்று விதித்தது. அவ்வேற்பாடு ஜொகூரிலும் பரவிற்று. கொட்டகையில் கிராணியோ கங்காணியோ எழுத்தறிவித்த அப்பள்ளிகளின் தரத்தைப் பற்றிப் பெருமை பேசுவதற்கில்லை. ஆயினும் அவற்றின் வழிவந்த பள்ளிகள் சுமார் எழுபது இன்றும் ஜொகூர் மாநிலத்தில் அறிவியலும் கணக்கும் உட்பட தமிழ்வழிப் பாடம் நடத்தி வருகின்றன. சிங்கப்பூரிலோ, கடைசித் தமிழ்ப்பள்ளியாக நின்ற உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது. இன்று தமிழ் அங்குத் தாய்மொழிப் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. நல்ல நூலும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் அரசின் ஆதரவும் சிங்கப்பூரில் உண்டு. தமிழில் பெருக்கல் வாய்பாடு ஒப்பிக்கும் குழந்தையின் குரலைக் கேட்கக் கடற்பாலம் கடக்க வேண்டும்.

அத்தோட்டங்களும் நிலையானவை அல்ல. 1960-களிலிருந்தே பால்மரத்தை வெட்டிச் செம்பனை நடும் வேலை தொடங்கிற்று. செம்பனை இலையுதிர்ப்பதில்லை, குலை அறுக்க வருவோரும் இப்போது பெரும்பாலும் வேற்று நாட்டவர். ஜொகூர் பாருவைச் சுற்றி நகரம் பெருகவே லயங்கள் இடிபட்டு அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. மக்கள் போனபின் கோயில் மட்டும் சாலையோரத்தில் நிற்பதும், மாணவர் குறைந்த பள்ளி வேறிடத்துக்குப் பெயர்க்கப்படுவதும் அவ்வழிச் செல்வோர் காணக்கூடியனவே.

இன்னும் வடமேற்கே சென்றால் மலாக்கா. சிங்கப்பூரிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர். 1960-களில் பாலங்கள் வரும்வரை பத்து பகாட்டிலும் மூவாரிலும் ஆற்றைக் கடக்கப் படகுத்துறையில் வண்டிகள் வரிசையில் காத்துநின்றன. 1994-இல் நெடுஞ்சாலை முழுமை பெற்றபின் மலாக்கா காலையிற் புறப்பட்டு மாலையில் திரும்பும் ஊராயிற்று.

அந்நகரின் தமிழர் வரலாறு தோட்டத் தமிழரினும் நானூறு ஆண்டுகள் மூத்தது. மணி புரிந்தான் என்னும் தமிழக முஸ்லிம் வணிகர் வழியில் வந்த துன் முத்தாகிர் மலாக்காவின் பெண்டகாராவாக, அதாவது தலைமை அமைச்சராக, இருந்ததை மலாய் வரலாற்றேடு கூறுகிறது. 1511-இல் போர்ச்சுகீசியர் நகரைக் கைப்பற்றியபோது நைனா சட்டு என்னும் இந்து வணிகர் அவர்களுக்குத் துணைநின்று பெரும்பதவி பெற்றார். 1514-இல் அப்பதவி பறிக்கப்பட்டபோது சந்தனக் கட்டை அடுக்கித் தீப்பாய்ந்தார் என்று போர்ச்சுகீசிய ஆசிரியரே எழுதியுள்ளனர். டச்சுக்காரர் ஆட்சியில் தெய்வநாயகம் செட்டிக்கு வழங்கிய நிலத்தில் 1781-இல் பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் எழுந்தது. பொற்கொல்லர் தெருவில் அதற்கு அருகிலேயே 1748-இல் தோன்றிய கம்போங் கிலிங் பள்ளிவாசலும், அப்பால் சீனர் கோயிலும் உள்ளன. சுற்றுலாக் கையேடுகள் இத்தெருவைச் சமய ஒற்றுமைக்குச் சான்றாகப் புகழ்கின்றன. அது உண்மையே.

எனினும் தமிழாசிரியர் போக வேண்டிய இடம் அதனினும் சிறிது தள்ளி, காஜா பெராங்கில் உள்ளது. அங்கே மலாக்காச் செட்டிகள் என்னும் சிறு சமூகத்தார் வாழ்கின்றனர். முன்னோர் தமிழ் வணிகர். மணம் கொண்டது மலாய், சாவக, சீனப் பெண்களை. வீட்டில் பேசுவது மலாய். பெண்டிர் உடுத்துவது கெபாயா. கும்பிடுவது 1822-இல் கட்டிய முத்துமாரியம்மன் கோயிலில். ஆண்பாற் பெயர்களில் பிள்ளையும் செட்டியும் படையாட்சியும் தொடர்கின்றன. போகியன்று வாழையிலை விரித்து மூதாதையர்க்குப் படையல் இடுகின்றனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் பார்ச்சு பொங்கால். மாரியம்மன் விழாவையோ டத்தோ சாச்சார் என்கின்றனர். தெய்வம் போகவில்லை, பொங்கல் போகவில்லை, மாக்கோலமிட்ட வாசலும் போகவில்லை. மொழி போயிற்று. எவரும் அதைப் பறித்ததாக வரலாறு இல்லை. சந்தையிலும் அடுக்களையிலும் அதற்கு வேலை இல்லாமற் போயிற்று, அவ்வளவே.

இவர்களுள் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தனர். கேம்பல் லேனிலுள்ள இந்திய மரபுடைமை நிலையம் 2018-இல் அவர்களைப் பற்றிய கண்காட்சியொன்றை நடத்தியது. அதே சிங்கப்பூரில் 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்று கூறியோர் 2.5 விழுக்காட்டினர். பத்தாண்டுக்கு முன் அது 3 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. காஜா பெராங்கில் இவ்வெண்களை நினைப்போர்க்கு அவ்வூர் வெறும் காட்சிப் பொருளாகத் தோன்றாது.

மாணாக்கரை அழைத்துச் செல்வோர் கோயிலையும் குடியிருப்பையும் நண்பகலுக்குள் பார்த்து முடித்துவிடுதல் நன்று. ஞாயிற்றுக்கிழமையாயின் மாலை நான்கு மணிக்கு முன் மலாக்காவை விட்டுப் புறப்பட வேண்டும். பிந்தினால் கடற்பாலத்தின் வண்டி வரிசையில் இரவு கழிந்துவிடும்.