பாதையேறிய வண்டியும் பிறேக்கும்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும், மேற்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். மண்முனையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, அங்கு இரு கரைகளையும் இணைத்தது ‘பாதை’ எனப்படும் மிதவையே. அதில் ஏறும் மோட்டார் வண்டி சில அடிகளுக்குள் நின்றாக வேண்டும். தவறினால் எதிரே நீர். ஆதலின் பிறேக்கின் கதை இவ்வாவிக்கரைக்கு அந்நியமன்று.

1902 இல் பிரான்சின் லூயி றெனோ, சில்லுடன் சுழலும் ‘டிரம்’ என்னும் உருளைக்குள் ‘ஷூ’ எனப்படும் வளைந்த கட்டைகளை விரித்து அழுத்தும் முறையை அமைத்தார். கம்பியாலும் கோலாலும் இயங்கிய பிறேக்குகளில் சில்லுகள் யாவும் சமமாகப் பிடித்தல் அரிதாயிருந்தது. திரவ அழுத்தத்தால் இயங்கும் பிறேக்கிற்கு அமெரிக்கரான மல்கம் லொக்கீட் 1917 இல் உரிமம் பெற்றார். 1948 இல் வெளிவந்து இலங்கைத் தெருக்களில் பெயர்பெற்ற மொறிஸ் மைனரும் நான்கு சில்லுகளிலும் இம்முறையையே கொண்டது.

இப்பிறேக் பெரும்பாலும் முன்னறிவித்தே கெடும். மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தால் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுதல் வேண்டும். மிதி மிகத் தாழ்ந்தால் ஷூவின் தேய்வை நோக்கி, டிரம்முக்கு நெருக்கியமைத்தல் வேண்டும். வண்டி ஒருபுறம் இழுத்தால் சில்லில் திரவக் கசிவு உண்டாவெனக் காண்க. கசிவை அடைத்து, நனைந்த ஷூவை மாற்றுவதே முறை. உலோகம் உராயும் ஒலி, லைனிங் தேய்ந்தொழிந்ததன் அறிகுறி. மாரி வெள்ளத்தைக் கடந்தபின், மெல்ல ஓட்டிப் பலமுறை மிதித்து உலர்த்துதல் நன்று. பழைய லைனிங் தூசியில் அஸ்பெஸ்டஸ் இருத்தல் கூடுமாதலின், அதனை ஊதலாகாது.

மண்முனையில் பாதை போய்ப் பாலம் வந்தது. எனினும், சிற்றொலியைக் கேட்டவுடனே குறை தீர்ப்பவனுக்கே எக்கரையும் பத்திரமான கரையாகும்.